ஒரே மாதிரி இரண்டு படகுவீடு: எதை எடுப்பது?

பள்ளி விடுமுறைக்குத் தாசிக் கென்யிர் போகலாம் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முடிவானது. படகுவீடு பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டிலும் மேல்தளம், கரோக்கே, பார்பிக்யூ அடுப்பு, தண்ணீரில் சறுக்கி விழ ஒரு சறுக்கு. விலையில் மட்டும் 200 ரிங்கிட் வித்தியாசம். "ரெண்டும் ஒன்னுதானே தம்பி, குறைஞ்சதை எடுத்துடு" என்றார் அக்கா.

ஆனால், படத்தில் தெரியாததைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். இரு உரிமையாளர்களிடமும் நான் கேட்டவை இவை.

எத்தனை பேருக்கு அனுமதி? மெத்தைகளின் எண்ணிக்கை வேறு, படகு ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கை வேறு. கைக்குழந்தை, படகோட்டி, சமையல்காரர் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள்.

மேல்தளத்தில் எத்தனை பேர் நிற்கலாம்? இவை மிதவைகளின் மேல் தட்டையான தளம் அமைத்த படகுகள். அகலமாக இருப்பதால் எளிதில் ஆடாது. ஆனாலும் செல்ஃபிக்காக எல்லாரும் மேலே ஏறி ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். மிதவைக்குள் தனித்தனி தடுப்பறைகள் உண்டா என்றும் கேளுங்கள். ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும்.

கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே குழந்தை நுழையுமா? முன்பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? ஓடும் படகின் முன்னால் விழுந்தால், படகு அப்படியே மேலே கடந்துபோகும். பின்னால் இயந்திர விசிறி இருக்கிறது.

சிறுவர் அளவில் பாதுகாப்பு அங்கி உண்டா? அணிவித்து, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பிள்ளைக்குப் பெரியது.

பலர் மறப்பது சின்னப் படகை. 1985இல் சுல்தான் மஹ்மூட் அணை கட்டி முடிக்கப்பட்டபோது காடு மூழ்கி, மலையுச்சிகள் ஏறக்குறைய 340 தீவுகளாயின. பட்ட மரங்கள் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. லாசிர் போன்ற அருவிகளுக்குப் போகச் சிறிய விசைப்படகில் மாற வேண்டியிருக்கும். அதிலும் எல்லாருக்கும் அங்கி வேண்டும், இருட்டும் முன் திரும்ப வேண்டும். ஏரியின் பல இடங்களில் கைத்தொலைபேசி எடுக்காது. அவசரத்துக்கு யாரை, எப்படி அழைப்பார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

விலை குறைந்தவர் எல்லாவற்றுக்கும் "போலே, போலே" என்றார். இன்னொருவர் சிறுவர் அங்கிகளைப் படமெடுத்து அனுப்பி, "மேலே பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடாது" என்று கறாராகச் சொன்னார். 200 ரிங்கிட் கூடக் கொடுத்து அவரையே எடுத்தோம். 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த படகோட்டியை நம்பிப் பிள்ளைகளை ஏற்றலாம்.

ஆண்டிறுதி விடுமுறை என்றால் கிழக்குக்கரையில் மழைக்காலம். பயணம் தள்ளிப்போனால் பணம் என்னாகும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.