எல்லாப் புகையையும் மரம் விழுங்காது

நகரக் காற்றைச் சுத்தம் செய்ய மரங்கள் உதவும். ஆனால் எந்த மரம், எந்த இடத்தில், எந்த அளவுக்கு?

விடிந்ததும் தேனி மாவட்டக் கிராமங்களிலிருந்து ஜீப்புகள் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறுகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள், கேரளத்தின் உடும்பஞ்சோலை தாலுகாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தமிழர்கள். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதனால் இங்கே பெரிய மரங்கள் பிழைத்திருக்கின்றன. ஈரமான மலைக்காட்டு மரப்பட்டைகளில் சாம்பல் நிறத்தில் படர்வது லைக்கன். பிரியாணியில் போடும் கல்பாசியும் இதே வகைதான்.

லைக்கனுக்கு வேர் கிடையாது. ஈரத்தையும் சத்தையும் பெரும்பாலும் காற்றிலிருந்தே உறிஞ்சுகிறது. காற்றில் கந்தக டை ஆக்சைடு இருந்தால் அதையும் சேர்த்துத்தான். எனவே காற்று கெட்டால் முதலில் மறைபவற்றில் இதுவும் ஒன்று. பாரிஸ் நகரத்து லைக்கன்களை ஆராய்ந்த வில்லியம் நைலாண்டர் 1866-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்.

லைக்கன் தாங்காத புகையைச் சாலையோர மரம் எப்படித் தாங்குகிறது? 1983-ல் எஸ்.கே. சிங், டி.என். ராவ் என்ற இந்திய ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். இலையிலுள்ள வைட்டமின் சி, பச்சையம், நீர், இலைச்சாற்றின் அமிலத்தன்மை ஆகிய நான்கையும் வைத்து மரத்துக்கு மதிப்பெண் போடும் முறை அது. வைட்டமின் சி கூடுதலாக இருந்தால் மாசு தரும் பாதிப்பை இலை சமாளிக்கும். மா, ஆல், அரசு போன்றவை இந்தத் தேர்வில் பல ஊர்களில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கின்றன.

தாங்குவதோடு மரம் காற்றைச் சுத்தமும் செய்கிறது. சொரசொரப்பான, ரோமமுள்ள இலைகளில் தூசி படிகிறது. இலைத் துளைகள் வழியே நச்சு வாயுக்கள் உள்ளே போகின்றன. மழை பெய்தால் தூசி மண்ணில் இறங்குகிறது. பெய்யாவிட்டால் அடுத்த காற்றில் மீண்டும் கிளம்பிவிடும்.

ஆனால் அளவோடுதான் எதிர்பார்க்க வேண்டும். அமெரிக்க மரங்கள் 2010-ல் 1.74 கோடி டன் மாசை அகற்றியதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்படியும் காற்றின் தரம் உயர்ந்தது சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் குறுகிய தெருவில் அடர்ந்த மரங்கள் காற்றோட்டத்தைத் தடுத்து, வண்டிப் புகையை மூக்கு மட்டத்திலேயே தேக்கிவிடவும் கூடும். யூகலிப்டஸ் வெளியிடும் ஐசோப்ரீன், வாகனப் புகையுடன் சேர்ந்து வெயிலில் ஓசோன் உருவாக உதவுகிறது.

சாலையை அகலப்படுத்த ஆலமரத்தை வெட்டிவிட்டு, ‘பதிலுக்குப் பத்துக் கன்று’ என்று கணக்குக் காட்டும்போது இதையெல்லாம் யோசிக்க வேண்டும். அந்த ஆலின் இலைப்பரப்பைக் கன்றுகள் எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை புகை காத்திருக்காது.

புகையைக் கிளம்பும் இடத்திலேயே குறைப்பதுதான் முதல் வேலை. மரம் அதற்குத் துணை. நிலக்கரிப் புகை குறைந்த பிறகு லண்டன் மரங்களில் லைக்கன்கள் திரும்பி வந்தன. நம் நகரங்களும் அந்தச் சான்றிதழை வாங்க முடியும்.