சொல்லிக்கொண்டு புறப்படுங்கள்!

குடுமியான்மலைக்குப் போனவர்களுக்குச் சிகாநாத சுவாமியின் கதை தெரிந்திருக்கும். சுவாமிக்குச் சாத்த வேண்டிய பூவை அர்ச்சகர் தம் காதலிக்குக் கொடுத்துவிட்டார். பிறகு அதே பூவை அரசருக்குப் பிரசாதமாகக் கொடுத்தபோது அதில் ஒரு தலைமயிர்! “சுவாமிக்குக் குடுமி உண்டு” என்று அர்ச்சகர் சமாளிக்க, பக்தரைக் காப்பாற்ற லிங்கத்துக்கே குடுமி முளைத்ததாம்.

அர்ச்சகர் செய்த தப்பை மறைக்கச் சுவாமி இருந்தார். நான் செய்த தப்பை மறைக்க யாரும் வரவில்லை!

சென்ற ஆண்டு அத்தையை அந்தக் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். முழங்கால் வலியோடு வந்த அத்தையை ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு படம், குகைக்கோயிலை ஒட்டிய பாறையில் 7-ம் நூற்றாண்டில் வெட்டிய இசைக் கல்வெட்டின் முன்னால் ஒரு படம் என்று எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மடிக்கணினி மூலம் பென் டிரைவுக்கு மாற்றினேன். ‘முடிந்தது’ என்று திரையில் வந்ததோ இல்லையோ, காமிரா அட்டையைத் துடைத்தேன். பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கினேன். மறுநாள் பார்த்தால் பாதிப் படங்கள் திறக்கவே இல்லை. திறந்தவற்றிலும் அத்தைக்குக் கழுத்துக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்!

“முடிந்தது என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாமா?” என்று கணினியின் மேல்தான் முதலில் கோபம் வந்தது. விசாரித்த பிறகுதான் குற்றவாளி யார் என்று புரிந்தது.

வருகிறவரை அறிவது எப்படி?

ஒரு காலத்தில் அச்சு இயந்திரத்தைக் கணினியுடன் இணைக்க வேண்டுமானால், கணினியை அணைத்துவிட்டுத்தான் இணைப்பார்கள். 1996-ல் யு.எஸ்.பி. வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு பரோடாவில் படித்து, இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட்டுக்கு உண்டு.

பென் டிரைவின் வாயைப் பாருங்கள். சாதாரணமாக நான்கு உலோகத் தகடுகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் சற்று நீளம், அவை மின்சாரத்துக்கு. நடுவில் உள்ள இரண்டும் குட்டை, அவை செய்திக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் சேர்ந்து, பிறகே பேச்சுத் தொடங்கட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

செருகியதும் செய்திக் கம்பிகளில் ஒன்றின் மின் அழுத்தம் உயரும். அதுதான் வாசல் மணி! கை நடுக்கத்தில் விட்டுவிட்டுத் தொட்டிருக்கலாமே என்று கணினி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பொறுத்துப் பார்க்கும். பிறகு, “நீர் யார்? எந்தக் கம்பெனி? என்ன வேலை?” என்று கேட்கும். வந்தவர் தம் எண்களைச் சொல்வார்.

அடுத்தது வீட்டுக்குள் தகவல் சொல்லும் வேலை. பால்காரர் வந்தாரா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலுக்கு ஓடினால் அடுப்பில் இருப்பது என்ன ஆகும்? “வந்தால் சொல்லு” என்று வாசலில் இருப்பவரிடம் சொல்லி வைப்போம் அல்லவா? கணினியில் உள்ள செயலிகளும் அப்படியே சொல்லி வைக்கின்றன. விண்டோஸில் ‘சாதனங்களில் மாறுதல்’ என்ற செய்தி அவற்றுக்குப் போகும். லினக்ஸில் ‘யூடெவ்’ என்ற பகுதி அந்தத் தண்டோராவைப் போடும். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்ந்து வந்த ‘பாஸ்’ என்பதும் லினக்ஸ் வகைதான்.

போகிறவர்தான் சிக்கல்

பிடுங்கினாலும் செய்தி போகும். ஆனால் போன பிறகுதான் போகும்! விருந்தாளி தெருமுனையைத் தாண்டிய பின் “புறப்பட்டுவிட்டார்” என்று சொல்லி என்ன பயன்? கட்டி வைத்த பலகாரம் நம் கையிலேயே நின்றுவிடும்.

என் படங்களுக்கு நேர்ந்ததும் இதுவே. நாம் நகல் எடுக்கும்போது கணினி பல சமயம் அவற்றைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாகப் பென் டிரைவில் எழுதுகிறது. திரையில் ‘முடிந்தது’ என்று வந்த பிறகும் உள்ளே எழுத்து வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

அதனால்தான் ‘பாதுகாப்பாக அகற்று’ என்ற கட்டளை இருக்கிறது. அதை அழுத்தினால், “இவர் புறப்படலாமா?” என்று கணினி ஒவ்வொரு செயலியையும் கேட்கும். “என் வேலை பாக்கி” என்று ஒன்று சொன்னாலும் நமக்கு அனுமதி கிடைக்காது. சில சமயம் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று திரையில் வந்து நம் பொறுமையைச் சோதிப்பது இதனால்தான். எல்லாரும் சரி என்றதும் மிச்சத்தை எழுதி முடித்து விடை கொடுக்கும்.

2018-க்குப் பின் வந்த விண்டோஸில், எழுதி முடித்துவிட்டால் சொல்லாமல் எடுக்கவும் வசதி உண்டு. எழுதும்போது பிடுங்கினால் அதிலும் ஆபத்துதான். விசைப்பலகை, மௌஸ் முதலியவற்றுக்கு இந்த மரியாதை தேவையில்லை. அவற்றிடம் எழுதி வைக்க ஒன்றுமில்லை. கல்யாணப் படங்களும் குழந்தைகளின் படங்களும் இருக்கும் பென் டிரைவுக்குத்தான் அவசியம். இன்னொன்று: நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்காமல் மூலத்தைத் துடைக்காதீர்கள்!

அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். இன்னொரு தரம் அவ்வளவு தூரம் நடக்க அவளுக்கு முழங்கால் இடம் கொடுக்காது. சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

“பாறையிலே வெட்டினது இத்தனை நூற்றாண்டு நிற்கிறது. உன் டப்பாவிலே ஒரு ராத்திரி நிற்கவில்லையாடா?” என்றாள். பிறகு, “நம் வீட்டிலே யாராவது ‘போகிறேன்’ என்று சொல்வோமா? ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டுதானே படி இறங்குவோம்? அந்தச் சின்னச் சாமானுக்கும் அதைக் கற்றுக் கொடு!” என்றாள்.

அதற்குத் தெரியும், அத்தை. கற்றுக்கொள்ள வேண்டியவன் நான்தான்.