தானியங்கி கியர்ப்பெட்டி எண்ணெய் மட்டம்

தானியங்கி கியர்ப்பெட்டி எண்ணெய் மட்டம் என்பது தானுந்தின் கியர்ப்பெட்டியில் உள்ள எண்ணெயின் அளவாகும். பழைய வண்டிகளில் இது அளவுக்குச்சியால் அறியப்படுகிறது. கசிவு ஏதுமின்றியே இக்குச்சி ஒரே நாளில் வெவ்வேறு அளவுகளைக் காட்டுவதுண்டு.

எண்ணெய் சூடேறினால் விரிவடைந்து மட்டம் உயரும். ஆகவே பல குச்சிகளில் குளிர்நிலைக்கும் சூடுநிலைக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. குச்சி செல்லும் குழாயின் சுவரில் ஒட்டியுள்ள எண்ணெய் குச்சியின் ஒரு பக்கத்தில் பூசிக்கொள்வதும் உண்டு. இரு பக்கங்களும் வேறுபட்டால் தாழ்ந்த அளவே கொள்ளத்தக்கது. பொறி நின்றபின் முறுக்குவிசை மாற்றியிலிருந்து எண்ணெய் கீழ்த்தொட்டிக்கு வடிவதால் மட்டம் கூடுதலாகத் தெரியும்.

அளக்கும் முறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இலங்கையில் மிகுதியாக ஓடும் சப்பானியத் தானுந்துகளுள், பழைய டொயோட்டா வகைகளைப் பொறி ஓடும்போதே 'பி' நிலையில் அளக்க வேண்டும். ஹோண்டாவைச் சூடேறிய பொறியை நிறுத்திய ஓரிரு நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. ஹோண்டாவைப் பொறி ஓடும்போது அளந்தால் மட்டம் குறைவாகத் தெரியும். அதனை நம்பி எண்ணெய் கூட்டினால், சுழலும் உறுப்புகள் அதனைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் அழுத்தம் குன்றி, கிளட்சுத் தகடுகள் வழுக்கிக் கருகும். எண்ணெய் குறைந்தாலும் பம்பு காற்றை உறிஞ்சுவதால் இதே கேடு நேரும்.