காவிரிக்காக பகையை மறந்த ராணி மங்கம்மாள்!

மதுரை ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம். பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மாள் எப்படி நாட்டை ஆண்டார் என்பது பலருக்கும் தெரியாது.

மதுரை மன்னர் சொக்கநாத நாயக்கரின் மனைவி மங்கம்மாள். கணவர் 1682-ல் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகனும் 1689-ல் அம்மை நோய்க்கு பலியானார். கர்ப்பிணியாக இருந்த மருமகள், ஆண் குழந்தை பெற்ற கையோடு உயிரை விட்டார். அந்த கைக்குழந்தைக்கு பட்டம் கட்டிவிட்டு, பாட்டி மங்கம்மாளே ஆட்சியை நடத்தினார். தலைநகரம் அப்போது திருச்சி.

பச்சைக் குழந்தை ராஜா, ஆளுவது ஒரு விதவைப் பெண் என்றால் சுற்றி இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வடக்கே அவுரங்கசீப்பின் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகை போட்டிருந்தது. பிஜப்பூர், கோல்கொண்டா போன்ற பெரிய நாடுகளே அதற்கு முன்பு அடுத்தடுத்து விழுந்துவிட்டன. மங்கம்மாள் வீராப்பு பேசவில்லை. மொகலாயருக்கு கப்பம் கட்டி, தளபதி சுல்பிகர் கானுக்கு பரிசுகளையும் அனுப்பினார். அவமானம்தான். ஆனால் நாடு தப்பியது.

அதற்காக எல்லோருக்கும் பணிந்து போனார் என்று நினைத்துவிடக் கூடாது. மதுரைக்கு கட்ட வேண்டிய கப்பத்தை திருவிதாங்கூர் நிறுத்தியபோது, 1697-ல் தளவாய் நரசப்பையா தலைமையில் படையை அனுப்பி பாக்கியை வசூலித்தார்.

கொள்ளிடத்தில் சண்டை

அடுத்த தலைவலி தஞ்சாவூர். அங்கே மராட்டிய மன்னர் ஷாஜியின் ஆட்சி. தஞ்சைப் படையினர் எல்லை தாண்டி வந்து மதுரை நாட்டு கிராமங்களை சூறையாடினார்கள். 1700-ம் ஆண்டு வாக்கில் நரசப்பையா கொள்ளிடம் ஆற்றைக் கடந்து தஞ்சை நாட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டார். தஞ்சைப் படை தோற்றது. அமைச்சர் பாலாஜி பெரும் பணம் கொடுத்து சமாதானம் செய்துகொண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை போட்டு தண்ணீரை மறித்தார். திருச்சி, தஞ்சை இரண்டு சீமை விவசாயிகளுக்கும் வயிற்றில் அடி. நேற்று வரை அடித்துக்கொண்ட தஞ்சையோடு மங்கம்மாள் கைகோர்த்தார். மைசூர் மீது பாய இரண்டு படைகளும் தயாராயின. அதற்குள் கொட்டிய கனமழையில் அணை தானாகவே உடைந்துவிட்டது! காவிரித் தண்ணீரும் வந்து சேர்ந்தது.

எடுத்த காரியம் எல்லாம் ஜெயித்தது என்றும் சொல்ல முடியாது. 1702-ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி மீது படை அனுப்பியதில் தோல்வி. நம்பிக்கைக்குரிய நரசப்பையாவும் அந்தப் போரிலேயே உயிரிழந்தார். அந்தச் சண்டையைத் தவிர்த்திருக்கலாம்.

மங்கம்மாள் சாலை

போர் செலவு போக மீதிப் பணம் சாலை, சத்திரம், கிணறு, குளம் என்று ஜனங்களுக்கே போனது. வழிநடையாகப் போகிறவர்களுக்கு நிழல் கிடைக்க சாலை ஓரம் மரம் வைத்தார். கன்னியாகுமரி வரை போன பாதைக்கு மங்கம்மாள் சாலை என்றே பெயர். கோவில்களுக்கு மட்டும் இல்லை, 1701-ல் திருச்சி தர்காவுக்கும் மானியம் கொடுத்தார். ராமநாதபுரத்தில் சிறையில் கிடந்த மெல்லோ என்ற பாதிரியாரை விடுவிக்கச் செய்ததும் இவர்தான்.

கடைசிக் காலம் மட்டும் சோகம். வளர்ந்த பேரனின் ஆட்கள் ராணியை சிறை வைத்து, பசியால் துடிக்க விட்டு சாகடித்தார்கள் என்று மதுரையில் இன்னும் ஒரு கதை சொல்வார்கள். அவர் வசித்த தமுக்கம் அரண்மனையில்தான் 1959 முதல் காந்தி மியூசியம் இருக்கிறது.