ஒரே ஷாப்டில் ஒரு பணிமனை
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



இன்று நம் ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு லேத்துக்கும் தனித்தனி மோட்டார் இருக்கிறது. ஸ்விட்சைத் தட்டினால் சக் சுற்றுகிறது. சக்தி எங்கே கிளம்பி எப்படி வந்து சேருகிறது என்பது தகர மூடிக்குள் மறைந்துவிட்டது. மின்மோட்டார் வருவதற்கு முன் அப்படி இல்லை. ஒரே ஒரு நீராவி எஞ்சின் இருக்கும். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு ஷாப்ட் ஓடும். அதில் வரிசையாகப் புல்லிகள். ஒவ்வொரு புல்லியிலிருந்தும் ஒரு தோல் பட்டை இறங்கி ஒரு இயந்திரத்தைச் சுற்றும். இதுதான் லைன் ஷாப்ட்.

பெரம்பூரில் ரயில்வே பணிமனை தொடங்கியது 1856-இல். நாகப்பட்டினத்துப் பணிமனை பொன்மலைக்கு மாறியது 1928-இல். அந்தப் பழைய காலத்தில் உலகமெங்கும் ரயில் எஞ்சினைப் பழுது பார்த்த பணிமனைகளில் பட்டைதான் ராஜா. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஈஸ்ட் பிராட் டாப் என்ற குறுகிய ரயில்பாதை 1956-இல் சரக்கு ஏற்றுவதை நிறுத்தியது. அதன் பணிமனையைப் பட்டைகளோடு அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ரயில் மாடல் செய்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட பணிமனை மேல் தனி ஆசை உண்டு.

"இந்தப் பழைய சாமானை நாம ஏன்டா செய்யணும்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். எங்கள் ஊர் கொல்லிமலை. அங்கே ரயில் கிடையாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் போக வேண்டும். ஆனால் பட்டை உண்டு. கேழ்வரகு அரைக்கும் மாவு மில்லில் மோட்டாருக்கும் அரவைக்கும் நடுவே ஓடுவது இதே பட்டைதான். அதனால் இது பழங்கதை இல்லை. கண்காட்சிக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த முறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் அளவு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் ஓடத் தொடங்கிய நீலகிரி மலை ரயில், மீட்டர் கேஜ். அதற்கு நிலக்கரியில் ஓடும் புது நீராவி எஞ்சினை 2021-இல் பொன்மலைப் பணிமனை செய்து கொடுத்தது. அப்படி ஒரு எஞ்சின் வந்து நிற்கும் கற்பனைப் பணிமனையைத்தான் எடுத்துக்கொண்டோம். அளவு 20-க்கு 1. ஒரு மீட்டர் 5 சென்டிமீட்டர் ஆகும். தண்டவாள இடைவெளி 5 செ.மீ., 2 மீட்டர் லேத் 10 செ.மீ., ஆள் உயரம் எட்டரை செ.மீ.

ஒன்றைக் கவனியுங்கள். நீளம் குறையும், ஆனால் சுற்று குறையாது. நிஜ ஷாப்ட் நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் மாடலிலும் 200 சுற்றுதான். அப்போதுதான் பட்டையின் வேகம் சரியாக 20-இல் ஒரு பங்காக இருக்கும், பார்க்கவும் நிஜம் போல் தெரியும். 12 வோல்ட் கியர் மோட்டார் 200 சுற்றில் கடையில் கிடைக்கிறது.

ஷாப்டும் ஹேங்கரும்

ஷாப்டுக்கு 3.15 மி.மீ. வெல்டிங் ராடு போதும். மேல்பூச்சைத் தட்டி எடுத்து எமரி தாளால் தேய்த்தால் பளபளக்கும். 20 மடங்கு பெருக்கினால் 63 மி.மீ. ஷாப்ட், நிஜப் பணிமனை அளவுதான். கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். கோணல் இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஷாப்டைத் தாங்கும் ஹேங்கர்களைப் பித்தளைப் பட்டியில் வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வைஸில் பிடித்து, ஒரே தடவையில் துளை போட வேண்டும். தனித்தனியாகத் துளைத்தால் உயரம் மாறி ஷாப்ட் இறுகிவிடும்.

புல்லியும் பட்டையும்

புல்லிகளைக் கல்லூரி லேத்தில் அலுமினிய ராடிலிருந்து கடைந்தோம். பட்டைக்கு வீட்டில் தூங்கிக் கிடந்த பழைய பாட்டு கேசட் உதவியது. டேப்பின் அகலம் 3.8 மி.மீ., அதாவது நிஜத்தில் 3 அங்குலப் பட்டை. நிறமும் தோல் மாதிரியே இருக்கும்.

பட்டை ஏன் புல்லியை விட்டு நழுவுவதில்லை? புல்லியின் நடுப்பகுதி லேசாக மேடாக இருப்பதுதான் ரகசியம். மேட்டிலிருந்து வழுக்கும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. மேட்டுப் பக்க விளிம்பு அதிகம் இழுபடுவதால் பட்டை அந்தப் பக்கம் வளையும். அடுத்து வந்து ஏறும் பகுதி இன்னும் கொஞ்சம் மேட்டை நோக்கி ஏறும். இப்படியே ஊர்ந்து நடுவுக்கு வந்து நின்றுவிடும். மாடலில் புல்லியின் நடுவில் மெல்லிய செல்லோ டேப்பை ஒரு சுற்று ஒட்டி, அதன்மேல் அகலமாக இன்னொரு சுற்று ஒட்டினால் மேடு தயார்.

பட்டையை நேராகப் போட்டால் இரண்டு புல்லியும் ஒரே திசையில் சுற்றும். எட்டு மாதிரி குறுக்கே போட்டால் எதிர்த்திசையில் சுற்றும். கியர் இல்லாமலே ரிவர்ஸ்!

வேகக் கணக்கு

பாடத்தில் படித்ததுதான். விட்டத்தையும் சுற்றையும் பெருக்கினால் இரண்டு புல்லிக்கும் ஒரே விடை வரும். லைன் ஷாப்டில் 30 மி.மீ. புல்லி, 200 சுற்று. லேத்துக்கு மேலே இருக்கும் கவுண்டர் ஷாப்டில் 20 மி.மீ. புல்லி. ஆகவே அது 300 சுற்று.

கவுண்டர் ஷாப்டிலிருந்து லேத்துக்கு வருவது கோன் புல்லி. மேலே 12, 16, 20 என்று மூன்று படி. கீழே அதற்கு எதிராக 20, 16, 12. எந்தப் படியிலும் கூட்டுத்தொகை 32, அதனால் ஒரே பட்டை மூன்றுக்கும் பொருந்தும். கிடைக்கும் வேகம் 180, 300, 500. பட்டை வழுக்குவதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் நிறுத்துவது எப்படி?

லைன் ஷாப்ட் நின்றால் பணிமனையே நின்றுவிடும். ஒரு லேத்தை மட்டும் நிறுத்த வேண்டுமானால்? கவுண்டர் ஷாப்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்லி. ஒன்று ஷாப்டோடு இறுகியது, மற்றொன்று சும்மா சுற்றுவது. லைன் ஷாப்ட் புல்லி இரட்டை அகலத்தில், நடுமேடு இல்லாமல் தட்டையாக இருக்கும். ஒரு கவை பட்டையைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளினால் லேத் ஓடும். அந்தப் பக்கம் தள்ளினால் சும்மா புல்லி மட்டும் சுற்றும், லேத் நிற்கும். கவையின் கம்பு தொழிலாளியின் கைக்கு எட்டும்படி தொங்கும். கவைக்குள் கேசட் டேப் மடங்கிவிடும், அந்த ஒரு பட்டைக்கு மட்டும் துணி நாடா போட்டோம்.

பட்டையின் வேகம்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். 600 மி.மீ. புல்லி 200 சுற்றில் ஓடினால் பட்டையின் வேகம் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல். ஆபத்து என்று உணர்ந்து கையை இழுக்க நமக்குக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் பட்டை ஒன்றரை மீட்டர் ஓடிவிடும். நம் முழுக் கையின் நீளமே அவ்வளவு இல்லை!

எங்கள் மலையில் ஒரு மாவு மில்லில், பட்டை கழன்றால் மோட்டாரை நிறுத்தாமலே கையால் தள்ளி ஏற்றுவார்கள். அப்படி ஏற்றிய ஒருவர் எனக்கு மாமா முறை. அவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. மில்லுக்கு வரும் அம்மாக்கள் தலையில் கூடையோடு, சேலை முந்தானை தொங்க, அந்தப் பட்டையை ஒட்டியேதான் நிற்பார்கள்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதையெல்லாம் எழுதி வைத்தது. பட்டைக்கும் புல்லிக்கும் தடுப்பு வேண்டும் என்றது. பட்டையை மாற்றக் கவை போன்ற சாதனம் வேண்டும் என்றது. ஓடும் இயந்திரத்தின் அருகே செல்பவர் இறுக்கமான உடை அணிய வேண்டும் என்றது. ஆனால் இரண்டு பேர் வேலை செய்யும் மலை மில்லுக்கு அந்தச் சட்டம் பொதுவாக எட்டவில்லை. பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே மாடலில் ஒரு சோதனை வையுங்கள். பட்டை புல்லியை விட்டு விலகும் பக்கம் ஒரு நூலை நீட்டினால் தள்ளிவிடும். பட்டை புல்லிக்குள் நுழையும் பக்கம் நீட்டினால் லபக்கென்று இழுத்துக்கொள்ளும். பிறகு, கழுவிய எக்ஸ்ரே பிலிமில் ஒரு மூடி வெட்டி அந்த இடத்தில் மாட்டி மறுபடி நீட்டுங்கள். நூல் வெளியிலேயே நின்றுவிடும்.

என் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் டிராயிங் ஷீட்டைப் பார்த்தால் அப்பாவுக்கு வெறும் கோடுகள்தான் தெரியும். இந்த நூலைப் பார்த்ததும், "அப்ப மில்லுக்கும் இந்த மாதிரி ஒரு மூடி போட்டா போதுமாடா?" என்று கேட்டார். போதும். ஒரு தகரம், நாலு போல்ட், ஒரு நாள் வேலை. வெல்டிங்கும் பிட்டிங்கும் படித்த நாம் விடுமுறையில் அவரவர் ஊர் மில்லுக்கு அதைச் செய்து கொடுக்கலாமே, நண்பர்களே!