கூடத் தங்குகிறவர்கள்

நெடுங்காலம் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1925 நவம்பரில் இந்தியாவை நோக்கிக் கப்பலில் வந்துகொண்டிருக்கையில், க்ஷயரோகத்தால் கலிபோர்னியாவில் படுத்திருந்த தம்பி நித்தியா காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்து சேர, தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார் என்றும், கப்பல் கொழும்பை அடைவதற்குள் ஒருவாறு தெளிந்துவிட்டார் என்றும் உடன் பயணம் செய்த சிவராவ் கூறியிருக்கிறார். அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு வயது முப்பது. இதைத் துக்கம் என்று சொல்வேனேயன்றி வியாதி என்று சொல்லத் துணியமாட்டேன். துக்கத்துக்குக் காரணம் கண்ணெதிரே நிற்கிறது, அழுதால் குறைகிறது, நாலு பேர் வந்து உட்கார்ந்தால் சற்றே ஆறுகிறது. இந்தக் கட்டுரை பேசவந்த மனச்சோர்வோ காரணமிருந்தும் வரும், காரணமேயில்லாமலும் வரும். வந்தபின் அழுகைகூட வராமல் மனிதனை மரத்துப்போகச் செய்துவிடும்.

இந்த மனச்சோர்வை, உதாரணத்துக்குத் திருப்பதியின் கல்லூரி விடுதி ஒன்றில், எப்படி இனம் காண்பது? சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் வீட்டுப் பையன் இன்ஜினீயரிங் படிக்க வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஆனால் எட்டு மணியானாலும் பாயைவிட்டு எழ முடிவதில்லை. பக்கெட்டில் ஊறவைத்த துணி மூன்றாம் நாளும் அலசப்படாமல் நாற்றமெடுத்துக் கிடக்கிறது. மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறான். வீட்டிலிருந்து போன் வந்தால், “நல்லாத்தான் இருக்கேன்மா, தலைதான் வலிக்குது” என்கிறான். முகத்தில் சோகம் எழுதி ஒட்டியிருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்த வியாதி பெரும்பாலும் தலைவலியாகவும் வயிற்றுப் பொருமலாகவும் அரியர் பேப்பராகவுமே காட்சி தரும். இத்தகைய நிலை இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்து, அன்றாடக் காரியங்களையும் முடக்கிவிடுமானால் வைத்தியரைப் பார்த்தே ஆகவேண்டும்.

வீட்டார் அபிப்பிராயமோ வேறாக இருக்கும். தகப்பனார், “திமிரு, வேறென்ன?” என்பார்; பாட்டி திருஷ்டி கழிப்பாள்; தாயார் திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்வாள். இம்மூவரில் தாயாரை நான் குறை சொல்லமாட்டேன். அலிபிரியிலிருந்து சுமார் 3,550 படிகளையும் மகனோடு பேசிக்கொண்டு ஏறுகிறவள் அவனுக்கு நன்மையே செய்கிறாள். மலையிறங்கியபின் அடிவாரத்தில் இருக்கும் ரூயா ஆஸ்பத்திரிக்கும் அவனை அழைத்துப் போவாளானால் அவள் பிரார்த்தனைக்கு யாதொரு பங்கமும் நேராது. “எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லவேண்டும்: அக்காலத்திலும் இருந்தது, கிணற்றுக்குள் போய் முடிந்தது.

வீட்டாரை நான் இவ்வளவு தூரம் இழுப்பதற்குக் காரணம் உண்டு. மனநோயாளியை உற்றாரிடமிருந்து பிரித்து உயர்ந்த மதில்களுக்குள் அடைப்பதே வைத்தியம் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1950-களில், அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரையும் அவர்களுடனேயே தங்கவைத்தார். சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் போய்விடக்கூடிய வேலூரில், பாகாயத்தில், 1957-இல் தொடங்கப்பட்ட சி.எம்.சி. மனநல மையமும், உறவினர் ஒருவரேனும் கூட இருந்து சிகிச்சையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் முறையையே கைக்கொண்டது. இடவசதியோ பணியாளர்களோ போதாமையால் பிறந்த ஏற்பாடு என்று இதைச் சொல்வாரும் உண்டு. எப்படிப் பிறந்தாலென்ன? மகன் சோம்பேறி அல்லன், நோயாளி என்பதை, தகப்பனார் வைத்தியர் வாயால் கேட்டு, கூடவே இருந்து கண்ணாலும் காண்பதைவிடச் சிறந்த மருந்து ஒன்றை நான் அறியேன்.

அப்படிக் கூட இருப்பவர் செய்யவேண்டியது என்ன? இதற்குக் கோவாவில் ஒரு விடை கிடைத்தது. வைத்தியப் படிப்பில்லாத சாதாரண மனிதர்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளோடு ஆறு முதல் எட்டு முறை பேசவைத்த மனநல வைத்தியர் விக்ரம் படேல் குழுவினர், 2017-இல் அதன் பலனை வெளியிட்டனர்: மூன்று மாதத்தில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேர் தேற, இவ்வாறு பேசப்பட்டவர்களில் 64 பேர் தேறினர். பேச்சின் சாரம் எளியது. உற்சாகம் வந்தபிறகு காரியம் செய்யலாம் என்று காத்திராமல், சிறு காரியம் ஒன்றை முதலில் செய்துவிட வேண்டும். உற்சாகம் அதன் பின்னால்தான் வரும். ஆகவே, “எழுந்து உருப்படியாக ஏதாவது செய்” என்று அதட்டுவதற்குப் பதிலாக, “வா தம்பி, இந்த பக்கெட்டுத் துணியை ரெண்டு பேருமா அலசிப் போட்டுடலாம்” என்று கூட நிற்பது சிகிச்சையே ஆகும். மறுநாள் கடைவீதி வரை நடக்கலாம். அதற்கு மறுநாள் ஒரு சிநேகிதனுக்குப் போன் செய்யலாம். நடுவில் இரண்டு நாள் ஒன்றும் நடவாமலும் போகும், போகட்டும்.

நோய் கடுமையானால் மாத்திரை வேண்டும். அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பத்தாம் நாளே பயனில்லை என்று நிறுத்துகிறவர்களும், மனம் தெளிந்த மறுவாரமே நிறுத்துகிறவர்களும் மீண்டும் விழுகிறார்கள். தேறியபின்னும் ஆறு மாதமேனும் சாப்பிடுவது வழக்கம். போதைப் பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம்; ஆயினும் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று விடலாகாது. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களை ஆரம்ப வாரங்களில் வீட்டார் சற்றுக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே வேஷத்தில் வருமாதலால் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

“செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாகாது. ஆம் என்று பதில் வந்தால், தனியே விடாதீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் தெலுங்கிலும், கட்டணமின்றிப் பேசலாம். நோயாளிதான் அழைக்கவேண்டும் என்பதில்லை, வீட்டாரும் அழைக்கலாம்.