தலைதெறிக்க ஓடும் கடைசி ஆள்



ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக 1978இல் தொமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய வீடியோ கேம், ஸ்பேஸ் இன்வேடர்ஸ். வரிசைக்கு 11 பேர் வீதம் 5 வரிசைகளில் 55 வேற்றுக்கிரகவாசிகள் இறங்கி வருவார்கள். சுட்டு வீழ்த்த வேண்டும். உள்ளே இருந்த இன்டெல் 8080 சிப்புக்கு 55 பேரையும் ஒரே மூச்சில் திரையில் அழித்து மீண்டும் வரைய நேரம் போதாது. அதனால், நொடிக்கு சுமார் 60 முறை திரை புதுப்பிக்கப்படும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே ஒருவரை மட்டும் நகர்த்தியது புரோகிராம். மொத்தப் படையும் ஓரடி எடுத்து வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி! ஆட்கள் குறையக் குறைய, மிஞ்சியவர்களின் முறை சீக்கிரம் வந்துவிடும். கடைசி ஆள் தலைதெறிக்க ஓடுவார். ஆட்டம் சூடுபிடிப்பதே அங்கேதான். நிஷிகாதோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கெட்டிக்காரர்!

இன்றைய கேம்களுக்கும் இந்த நேர நெருக்கடி உண்டு. நொடிக்கு 60 காட்சிகள் வேண்டுமென்றால், ஒரு காட்சிக்குக் கிடைப்பது 17 மில்லி விநாடிக்கும் குறைவு. வெளிச்சம், நிழல், மோதல் எல்லாக் கணக்கும் அதற்குள் முடிந்தாக வேண்டும்; கொஞ்சம் பிந்தினாலும் படம் திக்கித் திணறும்.